ஆசிரியர் தருவது காற்கூறு

கேள்வி: ஐயா, நான் கும்பகோணத்துப் பெண். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு, சாட்ஸ்வர்த் பகுதிக்கு, வந்து 12 வருடம் ஆகிறது. கணவர் வீட்டார் ஐந்து தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். தமிழ் கேட்டால் புரியும், பேச்சு ஆங்கிலத்தில்தான். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. மகள் வகுப்பில் 42 பிள்ளைகள். இன்று என்ன படித்தாய் என்று கேட்டால் "ஒர்க்‌ஷீட்" என்று ஒரே பதில். இருவரையும் வீட்டிலேயே படிக்கவைக்க யோசிக்கிறோம். கேப் டவுனில் இருக்கும் என் நாத்தனார் தன் பிள்ளைகளுக்குக் "கிளாசிக்கல்" முறையில் பாடம் நடத்துகிறார். லத்தீன், லாஜிக், மனப்பாடம் என்று அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகம் வந்து இறங்குகிறது. விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. எனக்கு லத்தீன் தெரியாது. அந்த இடத்தில் தமிழை வைக்க முடியுமா? மனப்பாடம் பிள்ளைகளைக் கெடுத்துவிடாதா? பிற்பாடு மெட்ரிக்குக்கு, அதாவது இங்கே 12ஆம் வகுப்பு முடிவில் எழுதும் தேர்வுக்கு, என்ன வழி? "பள்ளிக்கூடம் போகாத பிள்ளை என்ன பிள்ளை" என்று மாமியார் வேறு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பதில்: பெட்டியை வாங்காதீர்கள் அம்மா. இந்த ஒரு வருடமாவது வாங்காதீர்கள்.

வகுப்பறையில் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு, இப்போது வீட்டில் படிக்கும் பிள்ளைகளை மதிப்பிடும் வேலை செய்கிறேன். பெட்டியோடு வளர்ந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், பழைய புத்தகக் கடையை நம்பி வளர்ந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். போன வருடம் ஒரு பையன் வந்தான், 11 வயது. ரோமப் பேரரசர்கள் பெயரை அகஸ்டஸில் தொடங்கி மூச்சுவிடாமல் சொன்னான். அழகாகத்தான் இருந்தது. "அகஸ்டஸ் நல்ல ராஜாவா, தம்பி?" என்று கேட்டேன். அவன் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அம்மா மேசையைப் பார்த்தார். இரண்டு வருடமாக அந்தப் பெயர்களை ஒப்பித்திருக்கிறான், அவர்களில் ஒருவரைப் பற்றிக்கூட யாரும் அவனிடம் பேசியதில்லை.

உங்கள் நாத்தனார் பின்பற்றும் முறையின் எலும்புக்கூடு பழையது. இடைக்கால ஐரோப்பாவில் முதலில் மூன்று படிப்புகள்: இலக்கணம், தருக்கம், சொல்வன்மை. பிறகு நான்கு: எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல். ஆனால் இந்த மூன்றையும் பிள்ளையின் வயதோடு முடிச்சுப் போட்டது இடைக்காலத்தார் இல்லை. துப்பறியும் கதைகள் எழுதிய டோரதி சேயர்ஸ் 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் வாசித்த ஒரு கட்டுரையில் வந்த யோசனை அது. சின்னப் பிள்ளை கிளிபோலத் திருப்பிச் சொல்லும், அப்போது மனப்பாடம் கொடு. கொஞ்சம் வளர்ந்ததும் எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்யும், அப்போது தருக்கம் கொடு. பருவ வயதில் தன்னை வெளிப்படுத்தத் துடிக்கும், அப்போது சொல்வன்மை கொடு. இதைப் பிடித்துக்கொண்டுதான் அமெரிக்காவில் இந்த முறை மறுபடியும் துளிர்த்தது. 1999இல் ஜெஸ்ஸி வைஸ் என்ற தாயும் அவர் வீட்டிலேயே படிக்கவைத்த மகள் சூசன் வைஸ் பாயரும் சேர்ந்து எழுதிய 'தி வெல் ட்ரெய்ன்ட் மைண்ட்' வந்த பிறகு குடும்பம் குடும்பமாகப் பரவியது. வழிகாட்டி ஒன்று வேண்டுமென்றால் அந்த ஒரு புத்தகத்தை நாத்தனாரிடம் இரவல் கேளுங்கள்.

கிளி என்றதும் எனக்கு நன்னூல் ஞாபகம் வராமல் இருக்காது. பவணந்தி முனிவர் மாணவர்களைத் தரம் பிரிக்கிறார்: அன்னமும் பசுவும் தலைமாணாக்கர், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர், ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய் வடிகட்டும் நெய்யரியும் கடைமாணாக்கர். அவர் கணக்கில் கிளிக்கு நடுவிலே ஓர் இடம் இருக்கிறது. மோசமில்லை, ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. நூலின் முன்னுரையான அதே பாயிரத்தில் அவர் போடும் இன்னொரு கணக்குதான் உங்களுக்கு முக்கியம். ஆசான் சொன்னதைச் சிந்தாமல் சிதறாமல் வாங்கிக்கொண்டாலும் "காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்" என்கிறார். முழுக் கல்வியில் கால் பங்குதான் ஆசிரியரிடமிருந்து வரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மிச்சம் அரை, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்வதில் வரும்.

13ஆம் நூற்றாண்டில் எழுதிய இந்தக் கணக்கை வைத்து உங்கள் வீட்டைப் பாருங்கள். நீங்களும் நாத்தனாரின் பெட்டியும் சேர்ந்தால் கால் பங்கு. அதைத்தான் எல்லோரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். முக்கால் பங்கு வீட்டுப் பள்ளியில் தானாக வராது, நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். 42 பேர் வகுப்பில் மற்றது எப்படியிருந்தாலும் சக மாணவர் என்ற அந்த ஒரு கால் மணியடித்ததும் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்த முக்காலும் கூடவே இருந்தது. மணலில் எழுதும் சின்னப் பையனுக்கு மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சொல்லிக்கொடுப்பான், வாத்தியார் சட்டாம்பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். 1789இல் சென்னையில் ஓர் அனாதை விடுதியின் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, கீழ் வகுப்புக்கு நீ சொல்லிக்கொடு என்றார். நடந்தது. 1797இல் அதைப் பற்றி லண்டனில் புத்தகம் போட்டார். பிள்ளைக்குப் பிள்ளை பாடம் சொல்லும் அந்த ஏற்பாடு 'மெட்ராஸ் முறை' என்ற பேரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் திண்ணையிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு, இப்போது பெட்டியில் அடைத்து நமக்கே வருகிறது. சிரிப்புத்தான் வருகிறது.

உங்கள் வீட்டில் சட்டாம்பிள்ளை யார்? 10 வயது மகள்தான். தம்பிக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவளிடம் விடுங்கள். தினம் 15 நிமிடம், நீங்கள் குறுக்கே போகாமல். அவளே ழகரத்தில் தடுமாறலாம், தடுமாறட்டும். தம்பி "ஏன் அக்கா ல, ள, ழ மூணு இருக்கு?" என்று கேட்கும் நாளில் அவள் உங்களிடம் ஓடி வருவாள். அன்று அவள் கேட்டுத் தெரிந்துகொள்வது ஜென்மத்துக்கும் மறக்காது.

கேட்கிற காது யார்? உங்கள் மாமியார். பிள்ளைகள் அவரை ஆயா என்றுதானே கூப்பிடுவார்கள்? சார்லட் மேசன் (1842–1923) என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் வைத்த ஒரு பழக்கம்: நல்ல புத்தகத்தின் ஒரு பகுதியை ஒரே ஒரு தடவை வாசி, மூடிவை, கேட்டதை உன் வார்த்தையில் சொல். கேள்வித்தாள் கிடையாது. ஆயா அடுப்படியில் ரொட்டி தேய்க்கும்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் வாசித்த கதையைச் சொல்லட்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கதை உங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும், அதனால் உங்களிடம் அரைகுறையாகச் சொல்லித் தப்பித்துவிடுவாள். ஆயாவுக்குத் தெரியாது. "இரு இரு, அந்த முதலை ஏன் குரங்கைக் கூட்டிட்டுப் போச்சு?" என்று அவர் இடையில் நிறுத்தினால், கதையில் எந்தக் கண்ணியை விட்டோம் என்று அவளே தேடிப் பிடிப்பாள். தமிழும் ஆங்கிலமும் கலந்து வரும், வரட்டும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாமியாருக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு கால், சக மாணவர்கள். அதற்கு வாரம் ஒரு காலை இன்னும் இரண்டு குடும்பங்களோடு சேர்ந்து உட்காருங்கள். இரண்டே போதும். கோயிலில் தேவாரம் பாட வரும் பிள்ளைகளில் தேடினால் கிடைப்பார்கள்.

லத்தீனுக்கு வருகிறேன். இந்த நாட்டில் வழக்கறிஞராக லத்தீன் கட்டாயமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1990களில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஆகவே தொழிலுக்காக என்ற காரணம் போயிற்று. இந்த முறைக்காரர்கள் சொல்லும் நல்ல காரணம் வேறு: ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளை, வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்ப்பதே இல்லை, லத்தீன் அதைப் பார்க்கவைக்கும். சரி, தமிழ் செய்யாதா? ஒரு காகிதத்தை மூன்றாக வெட்டி 'பூனை', 'எலியைப்', 'பிடித்தது' என்று எழுதி மகளிடம் கொடுங்கள். எலியை முன்னால் வைக்கச் சொல்லுங்கள். எலியைப் பூனை பிடித்தது. பொருள் மாறவில்லை. இதையே ஆங்கிலத்தில் எழுதி முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் இடம் மாற்றினால் எலி பூனையைப் பிடித்துவிடும்! அந்த ஒற்றை 'ஐ'தான் யார் யாரைப் பிடித்தது என்று சொல்கிறது என்பதை அவளே கண்டுபிடிக்க விடுங்கள். லத்தீன் வேற்றுமை செய்யும் வேலையை நம் வேற்றுமை எட்டும் செய்கின்றன, உச்சரிக்கவும் ஆள் இருக்கிறது. லத்தீன் மேல் மகளுக்குப் பின்னாளில் ஆசை வந்தால் 13, 14 வயதில் தொடங்கலாம், ஒன்றும் குடிமுழுகாது. எதற்கும் முன்னால் தமிழ் எழுத்து வேண்டும். இங்கே நம் பிள்ளைகள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அச்சடித்து வைத்துப் பாடுகிறார்கள். குரல் உருகவைக்கிறது, சொல் நழுவிவிடுகிறது.

மனப்பாடம் கெடுக்குமா என்றால், அங்கேயே விட்டால் கெடுக்கும். ஆத்திசூடியையே எடுத்துக்கொள்வோம். 109 வரி. மகன் தினம் ஒரு வரி சொன்னால் நாலு மாதத்தில் முடிந்துவிடும். அகர வரிசையில் வருவதால் எழுத்தும் கூடவே பதியும். இது கிளிப் பருவம். மகளுக்கு அதே புத்தகத்தில் வேறு பாடம். எட்டாவது வரி 'ஏற்பது இகழ்ச்சி'. அடுத்ததே 'ஐயம் இட்டு உண்'. பிச்சை வாங்குவது கேவலம் என்றால், பிச்சை போட்டுவிட்டுச் சாப்பிடு என்பது யாரை நம்பி? எல்லோரும் முதல் வரியைக் கேட்டு நடந்தால் இரண்டாவதைச் செய்யவே முடியாதே! இந்தக் கேள்வியைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வாங்குகிறவனுக்கு ஒரு பேச்சு, கொடுக்கிறவனுக்கு ஒரு பேச்சா? ஔவை பார்க்காமலா பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்? உங்கள் கணவரும் சேர்ந்துகொள்வார். தருக்கப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் காசில்லாமல் நடந்துவிடும். மூன்று நாள் கழித்து மகளுக்கு ஒரு தரப்பை ஒதுக்கி, எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். கிரேக்க, ரோமானிய மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி 14 படிகளாக இருந்தது. முதல் படி நீதிக்கதையைத் திருப்பிச் சொல்வது, பிறகு வரும் படிகளில் ஒன்று பொன்மொழியை எடுத்து விரித்துப் பேசுவது. பஞ்சதந்திரமும் ஆத்திசூடியும் கையில் வைத்திருக்கிற நாம் அதற்குப் பயிற்சி நூல் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. இங்கே தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் ஐஸ்டெட்ஃபாட் என்ற கலைப் போட்டி மேடையில் அவளை ஏற்றுங்கள். ஒப்பித்தல் பிரிவு முதல் வருடத்துக்குப் போதும், அடுத்த வருடம் சொந்தப் பேச்சு.

கணக்கில் நம் பழைய வாய்ப்பாட்டு நூலான எண்சுவடியை முழுதாக எடுத்து வர வேண்டாம். முந்திரி, காணி என்ற நுண்ணிய பின்னங்களைப் படித்துச் சாட்ஸ்வர்த்தில் எதை அளப்பது? ஆனால் பின்னத்துக்கு நம் சொற்களை விடாதீர்கள். ஆயா தேய்த்த ரொட்டியை நாலாக வெட்டினால் கால். அந்தக் காலை இரண்டாக வெட்டினால் அரைக்கால், எட்டில் ஒன்று. அதையும் வெட்டினால் மாகாணி, 16இல் ஒன்று. பாதியின் பாதியின் பாதி என்று கணக்குப் போட்டு வந்த விடையை, 'அரைக்கால்' என்ற பேரே சொல்லிவிடுகிறது: அரை பெருக்கல் கால். ஆங்கிலத்தில் எட்டில் ஒன்று என்று மட்டும் கேட்ட பிள்ளைக்கு அந்த உரித்தல் தெரியாது. மற்றபடி கணிதத்துக்கு நல்ல பாடநூல் ஒன்றை ஒழுங்காக, வரிசையாகப் போடுங்கள். இதில் மட்டும் கைவைத்தியம் வேண்டாம்.

வரலாற்றை இந்த முறையில் நான்கு வருடச் சுற்றாக வைப்பார்கள்: பழங்காலம், இடைக்காலம், அடுத்து ஐரோப்பியர் கடல்தாண்டிய காலம், கடைசியில் நவீன காலம், மறுபடி முதலிலிருந்து, இன்னும் ஆழமாக. எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் அமெரிக்கப் புத்தகத்தில் இடைக்காலம் என்றால் கோட்டையும் குதிரை வீரனும்தான். நீங்கள் இடைக்காலம் படிக்கும் வருடத்தில், 1025இல் ராஜேந்திர சோழன் கடல்கடந்து படையனுப்பியதையும், 13ஆம் நூற்றாண்டில் லிம்போபோ ஆற்றங்கரை மாபுங்குப்வே மலையில் தங்கக் காண்டாமிருகம் செய்தவர்களையும் சேருங்கள். அந்த மலையில் இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் வந்த கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. சுவரில் ஒட்டிய ஒரு கயிற்றுக் கோட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கட்டும். நவீன காலம் வரும்போது புத்தகமே வேண்டாம்: 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் டர்பன் வந்தது. ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் காலனி எண் ஒன்று உண்டு, கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. உங்கள் கணவரின் முன்னோர் எண் யாரிடமாவது எழுதி வைத்திருக்கிறதா என்று மகளை விட்டு ஆயாவிடம் கேட்கச் சொல்லுங்கள்.

புத்தகம் எங்கே கிடைக்கும்? மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டெழுதி வைத்த பழந்தமிழ் நூல்கள் இலவசம். நன்னூலும் ஔவையும் அங்கேயே கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே மழலைக் கல்விப் பாடங்கள் உண்டு, ஒலியோடு. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசம். உங்கள் மகளுக்கு வயதைப் பார்க்காமல் இரண்டாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலத்துக்கு ஆம்பிள்சைட் ஆன்லைன் என்ற தொகுப்பு சார்லட் மேசன் வழியில் வருடவாரியாக வாசிப்புப் பட்டியல் தருகிறது, பெரும்பாலும் காப்புரிமை தீர்ந்த நூல்கள் என்பதால் காசு வேண்டாம். அதிலும், விலைக்கு வரும் பெட்டிகள் பலவற்றிலும் கிறிஸ்தவக் குடும்பத்தை மனதில் வைத்த பாடங்கள் இருக்கும். அது குறையில்லை, தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம். 1996ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டத்தின் 51ஆம் பிரிவு வீட்டுக்கல்வியை அனுமதிக்கிறது, மாகாணக் கல்வித்துறைத் தலைவரிடம் பதிவு செய்ய வேண்டும். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த 'பேலா' திருத்தச் சட்டம் ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கிரேடு ஆர்-ஐயும் கட்டாயமாக்கிவிட்டது, ஆகவே மகனுக்கும் பதிவு வேண்டும். உங்கள் பாடத்திட்டம் தேசியப் பாடத்திட்டத்துக்குக் குறையாத தரத்தில் இருக்க வேண்டும். 3, 6, 9 கிரேடு முடிவில் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் பார்த்து அறிக்கை தர வேண்டும். அதற்குப் பிள்ளையின் எழுத்து, வரைபடம், வாசித்த பட்டியல் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்துவாருங்கள். பதிவுக் கடிதம் கையில் வரும்வரை மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள்.

மெட்ரிக்குக்கு இப்போதே உறக்கம் கெட வேண்டாம், ஆனால் ஒன்று தெரிந்திருங்கள். தேசிய மெட்ரிக் சான்றிதழ் 10, 11, 12 என்று மூன்று வருடப் படிப்பு. வீட்டில் படிக்கும் பிள்ளை ஐஇபி அல்லது சகாய் என்ற தேர்வு அமைப்புகள் வழியாக, அவர்களோடு இணைந்த கல்வி நிறுவனம் ஒன்றில் பதிந்து எழுதலாம். கேம்பிரிட்ஜ் தேர்வு இன்னொரு பாதை. அமெரிக்க டிப்ளமாவை நம்பி உட்கார்ந்தால் இங்குள்ள பல்கலைக்கழக வாசலில் அலைச்சல் கூடுதல், நாத்தனாரிடமும் சொல்லிவையுங்கள். தேசிய மெட்ரிக்குக்கு இரண்டு அதிகாரபூர்வ மொழிகள் கட்டாயம். அரசியல் சட்டம் தமிழைப் பேர் சொல்லி மதிக்கச் சொல்கிறது, ஆனால் அந்த இரண்டில் தமிழ் வராது. ஆகவே ஆங்கிலத்தோடு ஜூலுவோ ஆஃப்ரிகான்ஸோ இப்போதே ஓட வேண்டும். நீங்கள் இருப்பது டர்பனில், நான் ஜூலு என்பேன். மகளுக்கு வாரம் இரண்டு நாள் பேசிப் பழக ஆள் தேடுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு சந்தேகம் கேட்கிறேன். "ஒர்க்‌ஷீட்" என்ற பதில் மட்டும்தான் காரணமா, அல்லது பள்ளியில் வேறு ஏதாவது அவளை வாட்டுகிறதா? இந்த மூன்று மாதம், பள்ளி விட்ட பிறகு மேலே சொன்ன ரொட்டி நேரக் கதையையும் தம்பிக்கு அரிச்சுவடியையும் மட்டும் நடத்திப் பாருங்கள். உங்களுக்குப் பொறுமை எவ்வளவு, அவளுக்கு ஆர்வம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பள்ளியும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும் என்று தோன்றினால் அப்படியே விட்டுவிடலாம், யாரும் உங்களைத் தோற்றவராக எழுதப்போவதில்லை.

மகனுக்கு மணல் தட்டு வைக்க நினைத்தால் கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்து, மணல் கட்டி கட்டியாகிவிடும், நம் ஊர் வெயில் கால ஈரக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். ஹார்ட்வேர் கடையில் ஆற்றுமணல் கேளுங்கள். சலித்து, கழுவி, இரண்டு நாள் காயவைத்து, பழைய பேக்கிங் தட்டில் விரல் கனத்துக்குப் பரப்பினால் போதும்.